அம்மாவுக்கு டியூப்பா, மாஸ்க்கா?

வாசகர் கேள்வி:

"கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். என் அம்மாவுக்கு 62 வயது, பித்தப்பையில் கல். குன்னூரில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் டியூப் போடுவார்களாம். போன வருடம் என் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது டியூப் போடவில்லை, மாஸ்க் மாதிரி ஒன்றைத்தான் வைத்தார்கள். சாயங்காலமே நன்றாகப் பேசினார். பக்கத்து வீட்டு அக்காவின் தம்பிக்கு டியூப் போட்டதில் ஒரு வாரம் குரல் கம்மிப் போயிருந்ததாம். அம்மாவுக்கும் மாஸ்க்கே வையுங்கள் என்று கேட்கலாமா? இன்னொன்று, அம்மா சுகர், பி.பி. மாத்திரைகளோடு மனச்சோர்வுக்கும் இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அதை மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டாம், ஊருக்குள் பரவிவிடும் என்கிறார். சொல்லாமல் விட்டால் மயக்க மருந்தோடு மோதுமா? ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடலாமா? மலைமேல் காற்றழுத்தம் குறைவு, கோவைக்குப் போய்விடுங்கள் என்று மாமா வேறு சொல்கிறார். மாத்திரைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆனால் டியூப், மாஸ்க் விஷயத்தைப் பேசாமல் அதற்கு வர முடியாது. எந்தக் கருவியை வைக்கிறோமோ அதற்கேற்பத்தான் எந்தெந்த மருந்து உடம்புக்குள் போகிறது என்பதும் மாறும்.

உங்கள் கணவருக்கு வைத்தது முகத்தில் மூடும் மாஸ்க் அல்ல. மயக்க மருத்துவர்களான நாங்கள் எல்.எம்.ஏ. என்று சொல்லும் குரல்வளை மாஸ்க், அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐ-ஜெல் ஆக இருக்கும். ஆர்ச்சி பிரெய்ன் என்ற பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் 1981-ல் லண்டனில் முதன்முதலாக நோயாளிக்கு வைத்துப் பார்த்த கருவி. 1988-ல் விற்பனைக்கு வந்தது. அது பரவலானதற்கு ஒரு மருந்தும் காரணம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் புரோபோஃபால் என்ற பால்வெள்ளை ஊசி மருந்து புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த தயோபென்டோன் தூங்க வைக்கும். ஆனால் தொண்டையின் உணர்ச்சி அப்படியே இருக்கும், ஏதாவது உள்ளே போனால் ஆள் இருமுவார், குரல்வளை இறுகிக்கொள்ளும். புரோபோஃபால் தொண்டையையும் சேர்த்து அடக்கிவிடும். தாடை தளர்ந்ததும் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஜெல்லி தடவிய கருவியை மேல் அண்ணத்தை ஒட்டியே தள்ளினால் ஓரிடத்தில் தானாகத் தட்டி நிற்கும். அதன் வாய் குரல்வளையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். குரல் நாண்களைத் தொடுவதில்லை, மூச்சுக்குழலுக்குள் நுழைவதும் இல்லை. அதனால்தான் உங்கள் கணவர் சாயங்காலமே பேசினார். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் அநேகமாக அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. மயக்கத்திலேயே சொந்தமாக மூச்சு விட்டிருப்பார்.

டியூப் வேறு மாதிரி. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் பிடித்து நாக்கை ஒதுக்கி, மேலே தூக்கினால் உள்ளே வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள் தெரியும். அவற்றின் நடுவே குழாயை நுழைத்து, பெண்களுக்குப் பல் வரிசையில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் குறி நிற்கும்வரை உள்ளே அனுப்புவோம். நுனியருகே உள்ள சின்னப் பலூனில் காற்று ஏற்றினால் மூச்சுக்குழலின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் மூச்சில் கரியமில வாயுவின் அலைக்கோடு திரையில் வந்த பிறகுதான் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வோம். இத்தனையும் செய்ய நாண்கள் அசையாமல் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தசைத் தளர்வு மருந்து வேண்டும். ஆபரேஷன் முடிவில் அதை முறிக்க இன்னொரு மருந்து வேண்டும்.

அப்படியானால் சுலபமானதை விட்டுவிட்டு ஏன் இதைச் செய்ய வேண்டும்? வயிறுதான் காரணம். குரல்வளை மாஸ்க் என்பது பாட்டில் வாய்மேல் கவிழ்த்து வைத்த புனல் போன்றது. மேலிருந்து காற்று போகும், ஆனால் வயிற்றிலிருந்து ஏதாவது மேலே ஏறி வந்தால் அது நுரையீரலுக்குள் போகாமல் முழுதாகத் தடுக்காது. டியூப்பின் பலூன் தடுக்கும். பழைய வகை எல்.எம்.ஏ. சுமார் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தாங்கும், அதற்கு மேல் ஓரத்தில் காற்று கசியும். புதிய வகைகள் இன்னும் சற்று அதிகம் தாங்கும், வயிற்று நீரை வெளியே எடுக்கத் தனித் துளையும் அவற்றில் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புகிறோம். உதரவிதானம் மேலே தள்ளப்படும், நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தக் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதே நேரம் வயிறும் நெருக்கப்படும். ஒல்லியான, வேறு நோய் இல்லாத, வெறும் வயிற்றில் வந்த சிலருக்குப் புதிய வகை மாஸ்க்கை வைத்தே பித்தப்பையை எடுக்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அது தவறும் அல்ல.

உங்கள் அம்மா அந்தச் சிலரில் ஒருவர் அல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று படத்தில் இருக்கிறது: பான்டோபிரசோல் அட்டை, பாதிக்கு மேல் காலி. அதாவது அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு இருக்கக்கூடும். கூடவே நீண்ட நாள் சர்க்கரை. சர்க்கரை வயிற்றின் நரம்புகளையும் பாதிக்கும். சாப்பிட்டது இறங்க நேரமாகும். எட்டு மணி நேரம் பட்டினி கிடந்த பிறகும் உள்ளே சோறு இருக்கலாம். பிரிட்டனில் நாடு முழுவதும் மூச்சுப்பாதைச் சிக்கல்களைத் தொகுத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், மயக்கத்தின்போது அத்தகைய சிக்கலால் இறந்தவர்களிடையே முதலிடம் பிடித்தது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதுதான். அபூர்வமாக நடப்பதுதான், நடந்தால் பெரிது. அம்மாவைப் பார்த்த மருத்துவர் டியூப் என்று சொன்னது இதனால்தான் இருக்க வேண்டும். காசு பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கருவிகளில் மலிவானது டியூப்தான்.

மாஸ்க் கேட்கலாமா என்றால், கேளுங்கள், காரணம் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அதுதான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு நானாக இருந்தாலும் டியூப்தான் போடுவேன்.

இனி மாத்திரைகள்.

படத்தில் இருக்கும் இரவு மாத்திரை எஸ்சிட்டலோபிராம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மயக்கம் தெளிந்து வரும்போது நிறையப் பேருக்கு உடம்பு உதறும். மயக்கத்தில் உடல் சூடு இறங்கிவிடுவதால் வருவது. எங்கள் மலை ஆஸ்பத்திரிகளில் மார்கழி, தை மாதங்களில் இது அன்றாடக் காட்சி. வெளியே உறைபனி, உள்ளே குளிர்ந்த சலைன். உதறல் நிற்க நம் ஊரில் சாதாரணமாகக் கொடுப்பது டிரமடால் அல்லது பெத்திடின் ஊசி. வலிக்கும் அதே டிரமடால்தான். இப்போது நினைத்துப் பாருங்கள். எஸ்சிட்டலோபிராம் மூளையில் செரட்டோனின் என்ற பொருளைக் கூட்டுகிற மாத்திரை. டிரமடாலும் அதையே செய்யும், பெத்திடினும் செய்யும். இரண்டும் சேர்ந்து எல்லை தாண்டினால் வியர்க்கும், நாடி ஓடும், ஜுரம் ஏறும், ஆள் நிலைகொள்ளாமல் புரளுவார், கைகால் வெட்டி உதறும். உதறல் என்றதும் குளிர் என்றுதான் பக்கத்தில் நிற்கும் எவருக்கும் தோன்றும். மாத்திரை விஷயம் தெரியாத நர்ஸ் என்ன செய்வார்? இன்னொரு டோஸ் டிரமடால் கேட்பார். மருத்துவரும் சரி என்பார். குற்றம் யார்மீதும் இல்லை, கேஸ் ஷீட்டில் அந்த ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

இது கற்பனைப் பயம் அல்ல. 1984-ல் நியூயார்க்கில் ஃபெனல்சின் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு வந்த 18 வயதுப் பெண்ணுக்கு, உடல் நடுக்கத்துக்காகப் பெத்திடின் கொடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் இறந்துபோனார். அங்கே பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்ததே அந்த வழக்குக்குப் பிறகுதான். எஸ்சிட்டலோபிராம் அத்தனை முரட்டு மருந்து இல்லை. ஒரு டோஸ் டிரமடால் வாங்கியும் எதுவும் ஆகாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் தெரிந்திருந்தால் அந்த டோஸே தேவையில்லை. உதறலுக்குச் சூடான காற்றுப் போர்வை போடுவோம், சலைனைச் சூடாக்கி ஏற்றுவோம், மருந்து வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. வலிக்குப் பாராசிட்டமாலும், துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசியும் கைகொடுக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் அதே மாத்திரையில் உண்டு. அது ஈ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளியைச் சற்று நீட்டும், அது மிக நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வாந்தி வராமலிருக்க நாங்கள் வழக்கமாகப் போடும் ஆன்டன்செட்ரானும் நீட்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஈ.சி.ஜி.யை ஒருமுறை உற்றுப் பார்ப்போம், ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறதா என்று கவனிப்போம், வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் பக்கம் போவோம், அதில் சர்க்கரை சற்று ஏறும் என்பதையும் கணக்கில் வைத்து. அடுத்தது, டைக்ளோஃபினாக் போன்ற வலி ஊசிகளோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு சற்றுக் கூடலாம்.

அதனால் நிறுத்திவிடலாமா என்கிறீர்கள். கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை, பழைய சோர்வு எல்லாம் ஆபரேஷன் வாரத்திலேயே வந்து நிற்கும். முந்தின இரவும் வழக்கம்போலச் சாப்பிடட்டும், பிறகு அன்றிரவே தொடரலாம். நாங்கள் எங்கள் மருந்தை மாற்றிக்கொள்வோம், அம்மா அவருடையதை மாற்ற வேண்டியதில்லை.

ஊருக்குள் பரவும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வார்டு பாயின் அத்தை உங்கள் தெருவில் இருப்பார். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் அம்மாவைப் பார்க்க வருவார், அல்லது அவரது அறைக்கு அனுப்புவார்கள். அப்போது நீங்கள் உட்பட எல்லோரும் வெளியே போய், அம்மாவை அவரோடு தனியாக ஐந்து நிமிடம் விடுங்கள். அம்மா வாயால் சொல்லக் கூசினால் அட்டையை நீட்டினால் போதும். எனக்கு அப்படி முந்தானையிலிருந்து எடுத்து நீட்டியவர்கள் உண்டு. மருத்துவர் அதை எழுதிக்கொள்வார், ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரணை நடத்த மாட்டார். நடத்தினால் அவர்மேல்தான் தப்பு.

மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறுதி முடிவு அம்மாவைப் பார்க்கும் மருத்துவருடையது.

சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் சேர்ந்திருக்கிறது. இதைக் கவனிக்கவும். டாபாகிளிஃப்ளோசினை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியும் ஆபரேஷன் அழுத்தமும் சேரும்போது அது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால் சுகர் அளவு அப்போது ஏறக்குறைய நார்மலாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்று நாளுக்கும் சுகருக்கு வேறு என்ன என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தி நீங்களாக ஒன்றை மாற்றாதீர்கள்.

டெல்மிசார்டன் பி.பி. மாத்திரை. அன்று காலை சாப்பிட்டு வந்தால் மயக்கம் கொடுத்தவுடன் பி.பி. மளமளவென்று இறங்கலாம். புரோபோஃபாலும் இறக்குகிற மருந்துதானே. முந்தின நாளோடு நிறுத்தச் சொல்வது பலரின் வழக்கம், வேண்டியதில்லை என்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பி.பி. மாத்திரையான மெட்டோபிரோலால் அதற்கு நேர் எதிர்: அதை நிறுத்தவே கூடாது, அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரில் சாப்பிட வேண்டும். திடீரென விட்டால் இதயம் குதிரை வேகத்தில் ஓடும். சாப்பிட்டு வந்தால் எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மெட்டோபிரோலால் நாடியைக் குறைக்கும், நாங்கள் கொடுக்கும் ஃபென்டனில் வலி மருந்தும் குறைக்கும், வயிற்றுக்குள் வாயு ஏறி உள்சவ்வு இழுபடும் அந்த நிமிடமும் குறைக்கும். மூன்றும் ஒன்றாக வந்து நாடி 40-க்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாயுவை மெதுவாக ஏற்றச் சொல்வோம், தேவையானால் நிறுத்தச் சொல்வோம், நாடியை ஏற்றும் அட்ரோபின் கையில் தயாராக இருக்கும்.

மயக்க மருந்துகள் தங்களுக்குள்ளும் சேர்ந்துகொள்ளும். மிடாசோலம், ஃபென்டனில், புரோபோஃபால் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்வதன் கூட்டுத்தொகையைவிட அதிகமாகச் செய்யும். ஆகவே ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் வேண்டும். வயதும் ஒரு மருந்து மாதிரிதான்: 40 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் என்ற கணக்கில் செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவின் தேவை குறைந்துகொண்டே போகும்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து யார் அடிப்பது? அம்மா கலக்கிக் கொடுப்பாரா, தெளித்த மறுநாள் களை எடுக்கப் போவாரா?

டியூப் போடத் தசைத் தளர்வு மருந்து வேண்டும் என்றேன் அல்லவா. வயிறு காலியாக இல்லை என்று சந்தேகம் வந்தால், ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும் மருந்தாகப் பார்த்து எடுப்போம். சக்ஸாமெத்தோனியம் அதில் பழையது, மலிவானது, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பது. ஐந்து பத்து நிமிடத்தில் தானாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். குளோர்பைரிஃபாஸ், புரொஃபெனோஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் முடக்குவது இதே நொதியைத்தான். விஷம் குடித்தவர்களுக்கு மட்டும் அல்ல. கையுறையும் முகமூடியும் இல்லாமல் சீசன் முழுக்கத் தெளிக்கிறவர்களுக்கும் அது குறைந்திருக்கலாம், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல். அப்படிப்பட்டவருக்கு இந்த ஊசி போட்டால் பத்து நிமிடத்தில் தீர வேண்டிய மருந்து நீண்டுகொண்டே போகும். தானாக மூச்சு விட முடியாமல் வென்டிலேட்டரில் கிடப்பார். காத்திருந்தால் சரியாகிவிடும், ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் படும் பாட்டைக் கேட்காதீர்கள்.

பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களும் உண்டு. வைசியச் சமூகத்தினர் சிலரிடம் இதற்கான மரபணு மாற்றத்தை 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் "உங்கள் சொந்தத்தில் யாராவது ஆபரேஷன் முடிந்து நேரத்துக்கு எழுந்திருக்காமல் போனார்களா?" என்று கேட்கிறோம். நோயாளிகள் பலர் இதை அபசகுனக் கேள்வியாக எடுத்துக்கொண்டு முகம் சுளிப்பார்கள். குடும்ப வரலாறு கேட்க எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) 1952-ல் முதலில் பதிவானதே இந்த நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். அந்தக் குறை இருப்பவருக்குக் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் ஆக்சிஜன் குறைவும் மயக்கத்தின்போது ஆகவே ஆகாது.

அம்மாவுக்குப் பூச்சிமருந்துப் பழக்கம் இருந்தால், சீரம் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டாலும் விஷயத்தைச் சொன்னால் போதும், சக்ஸாமெத்தோனியத்தை விட்டுவிட்டு ரோகுரோனியம் எடுப்போம். அது இந்த நொதியை நம்பி இல்லை. முறிக்க சுகமாடெக்ஸ் இருந்தால் நிம்மதி. விலை கூடுதல், எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். இல்லையென்றால் நியோஸ்டிக்மினும் கிளைகோபிரோலேட்டும். தேதி வரை அம்மா தெளிக்கிற பக்கமே போகாமலிருப்பது நல்லது; நொதி திரும்ப ஏற வாரக்கணக்கில் ஆகும்.

தளர்வு மருந்தோடு மோதுகிறவை வேறு சிலவும் உண்டு. ஜென்டமைசின், அமிக்காசின் ஆன்டிபயாடிக் ஊசிகளும் மெக்னீசியமும் அதன் வேலையை நீட்டும், உடம்பு குளிர்ந்தாலும் நீளும். வலிப்புக்கு நெடுநாளாக ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு ரோகுரோனியம் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். இதைப் படிக்கும் இளம்பெண்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம்: சுகமாடெக்ஸ் போட்டால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும், ஏழு நாளைக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுத அநேகம் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மாமா சொன்ன காற்றழுத்தம். அவர் சொல்வது உண்மை, ஆனால் அதற்காகக் கோவைக்குப் போக வேண்டியதில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 760 ஆக இருக்கும் காற்றழுத்தம் அங்கே 610 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடின் வீரியம் அதே விகிதத்தில் குறையும். சமவெளியில் ஆக்சிஜனோடு பாதிக்குப் பாதி கொடுத்தால் கிடைக்கும் மயக்கம் இங்கே கிடைக்காது. செவோஃப்ளூரேன் ஆவியாக்கிகளின் அமைப்பு இதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயுவுக்கு மட்டும் குமிழை நாங்கள் கூட்டி வைக்க வேண்டும். மலையில் வேலை பார்க்கிற எந்த மயக்க மருத்துவருக்கும் இது விரல் நுனியில் இருக்கும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95 என்று வந்தாலும் பதறாதீர்கள், இந்த உயரத்தில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே அப்படித்தான் காட்டும்.

நைட்ரஸ் ஆக்சைடு பற்றி இன்னொன்று, இது பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அந்த வாயு டியூப்பின் பலூனுக்குள் ஊடுருவிப் போய் அதை மெல்ல ஊதிப் பெரிதாக்கும். பலூன் அழுத்தம் 20-லிருந்து 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் மூச்சுக்குழலின் உள்தோலை நசுக்கும், அதுவும் தொண்டை வலிக்கும் குரல் கம்மலுக்கும் ஒரு காரணம். ஐ-ஜெல்லில் ஊதும் பலூனே கிடையாது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. மலைக்கென்று தனியாகவும் ஒரு கணக்கு இருக்கிறது. டியூப் போட்ட நோயாளியை ஆம்புலன்ஸில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கும்போது வெளி அழுத்தம் கூடி, பலூனில் இருக்கும் காற்று சுருங்கும். மேலே இறுக்கமாக இருந்தது கீழே கசியத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டே பலூனைச் சரிபார்ப்பது ஆம்புலன்ஸில் கூட வருபவரின் வேலை.

குன்னூரா கோவையா என்று முடிவெடுக்க உயரத்தைக் கேட்காதீர்கள், இவற்றைக் கேளுங்கள்: கரியமில வாயு அலைக்கோடு காட்டும் கேப்னோகிராஃப் இருக்கிறதா, டியூப் போடுவது சிரமமானால் வீடியோ லாரிங்கோஸ்கோப் உண்டா, அன்றிரவு மயக்க மருத்துவர் கூப்பிட்டால் வருவாரா, ஐ.சி.யூ. படுக்கை அங்கேயே இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம். முந்தின நாள் மலை இறங்கி வாந்தி எடுத்து, தூக்கம் கெட்டுக் களைத்துப் போய்ப் படுப்பதில் அம்மாவுக்கு லாபம் இல்லை.

காலை டீ பற்றிச் சொல்லாமல் விட்டால் மலைக்காரன் என்று என்னை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பால் சேர்த்த டீ எங்கள் கணக்கில் சாப்பாடுதான், ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பால் இல்லாத கட்டன் டீயும் தண்ணீரும் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை போகலாம். வயிறு மந்தமாக இருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு நாங்கள் இன்னும் கறாராக இருப்போம், ஆகவே அம்மாவுக்கு எத்தனை மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு வாய்தானே, குளிருக்கு" என்று விடிகாலையில் பாட்டிகள் ஊற்றிக் கொடுக்கும் டீயால் தள்ளிப்போகிற ஆபரேஷன்கள் இங்கே கொஞ்சநஞ்சமல்ல. லேகியம், அமுக்கரா சூரணம், பூண்டு காப்ஸ்யூல் ஏதாவது இருந்தால் அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டலாம், பூண்டு காப்ஸ்யூல் ரத்தம் உறைவதைத் தாமதிக்கலாம். ரசத்தில் தட்டிப் போடுகிற பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆடுகிற பல், கழற்றும் பல் செட் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருதாணி மட்டும் அந்த வாரம் வேண்டாம், விரல் கருவி தப்பாகக் காட்டலாம்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரப்பாக இருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். குரல் கம்மலும் பெரும்பாலும் சில நாளில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கவே முடியாமல் வலித்தால், கழுத்து வீங்கினால், மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.